மன உளைச்சலும் உடல் எடையும்

(நமது ஜமாஅத்தின் மருத்துவ முகாமில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

"உண்பதோ அரை வயிறு, உடலோ பெருத்துக்கொண்டே போகிறது" என்று சிலர் முறையிடக் கேட்டிருக்கிறோம். கேட்ட மாத்திரத்தில், "இவர் சோம்பேறி" என்று நாம் தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். உணவும் உழைப்பும் உடல் எடையின் முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓயாத கவலையும் உறக்கமின்மையும் அவ்விரண்டையும் உள்ளிருந்து எவ்வாறு கெடுக்கின்றன என்பதை அறிந்துகொண்டால், அத்தீர்ப்பைச் சற்றே நிறுத்தி வைப்போம்.

ஆபத்தைக் கண்டதும் உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை 1915ஆம் ஆண்டு அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் விளக்கினார். 1936ஆம் ஆண்டு ஹான்ஸ் செல்யே, குளிர், காயம் எனப் பல்வேறு துன்பங்களுக்கு எலிகளை ஆளாக்கிப் பார்த்தார். துன்பம் எதுவாயினும் எலிகளின் அட்ரீனல் சுரப்பிகள் ஒரே விதமாகப் பெருத்திருந்தன. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளே அவை.

மூளையின் ஹைபோதாலமஸ் என்னும் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி அட்ரீனலைத் தூண்டுகிறது. அட்ரீனல் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதற்கு முன்பே அட்ரீனலின் என்னும் ஹார்மோன் நொடிப்பொழுதில் பாய்ந்து இதயத் துடிப்பைக் கூட்டிவிடும். இவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. புலிக்கு அஞ்சி ஓடியவனுக்கு அச்சர்க்கரை எரிபொருளாயிற்று. கடன் கொடுத்தவரின் தொலைபேசி அழைப்புக்கு அஞ்சுபவர் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார். அவருக்கும் அதே சர்க்கரை சுரக்கிறது. ஆனால் செலவாகும் வழியில்லை. கார்டிசாலோ இன்சுலினின் வேலைக்கும் தடை போடுகிறது. ஆகவே கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்க நேரிடுகிறது. எஞ்சியது கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. வழக்கமான உணவையே உண்டும் கவலை மிகுந்த நாட்களில் சர்க்கரை அளவு ஏறுகிறது என்று நீரிழிவு உள்ளோர் கூறுவது இதனாலேயாகும்.

கார்டிசால் நமக்குப் பகையன்று. அது இன்றேல் உயிர் வாழ்தலே அரிது. பின்னிரவில் அது ஏறத் தொடங்கி, நாம் கண் விழித்த சிறிது நேரத்தில் உச்சத்தை அடைகிறது; நாள் முழுதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவையொட்டி மிகக் குறைந்த அளவை எட்டுகிறது. இந்த ஏற்ற இறக்கம் குலைவதே இடர்ப்பாட்டின் தொடக்கம்.

கார்டிசால் மிக அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோயில் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால்கள் மெலிவதைக் காணலாம். தசையைக் கரைத்து வயிற்றில் கொழுப்பைச் சேர்ப்பதே அந்த ஹார்மோனின் போக்கு. அன்றாடக் கவலையால் கார்டிசால் அந்த அளவுக்கு உயர்வதில்லை. எனினும் அது போகும் திசை அதுவே. மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோருக்கும் இதே மாற்றம் நிகழும். அத்தகையோர் மாத்திரையைத் தாமாகத் திடீரென்று நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொற்படியே குறைத்தல் வேண்டும். மருத்துவர் சீட்டின்றி அதனைக் கடையில் வாங்கி உண்பதும் அத்துணைத் தீங்கானது.

இனி, உறக்கம். 2004ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க வைத்தனர்; பிறிதொரு முறை 10 மணி நேரம் படுக்க வைத்தனர். உறக்கம் குறைந்தபோது, "போதும்" என்று உணர்த்தும் லெப்டின் ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. அவர்களின் நாட்டம் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மீதே மிகுதியாகச் சென்றது.

2015ஆம் ஆண்டு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் 58 பெண்களுக்கு 930 கலோரி கொண்ட கொழுப்பு மிகுந்த உணவு அளிக்கப்பட்டது. முந்தைய நாள் மன உளைச்சலுக்கு ஆளானவர்கள், ஆளாகாதவர்களைவிடச் சராசரியாக 104 கலோரி குறைவாகவே எரித்தனர். ஒரு வேளையில் இது சிறு அளவே. நாள்தோறும் தொடருமானால் சிறிதன்று.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். சவூதியில் இரவு 10 மணிக்கு வேலை முடித்துக் கணவர் பேசும்போது இங்கே நள்ளிரவு 12.30. பேசி முடித்துக் கண்ணயர்வதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் நெருங்கிவிடுகிறது. அங்கே அவருக்கோ விசா கவலை. தங்கையின் திருமணக் கடன். இருவரும் தத்தம் துயரை மற்றவரிடம் மறைக்கின்றனர். மறைத்த துயரை நாவு மறைக்கலாம்; இரத்தம் மறைப்பதில்லை. 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. இதற்குக் கவலை மட்டுமே காரணமன்று. ஆனால் அதனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் முறையன்று.

கவலையால் எல்லோரும் பருப்பதில்லை. உணவு வெறுத்து மெலிவோரும் உளர். ஆகவே எடை மாற்றம் அனைத்திற்கும் மனத்தையே காரணமாக்கிவிடாமல், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படாதிருத்தல் நலம். இதனை அளக்க ஒரு தையற்கடை நாடாவே போதும்.

நாம் செய்யத் தக்கவை எளியவையே. வெளிநாட்டு அழைப்பை இயன்றவரை விடுமுறை நாளுக்கோ, வேலைக்கு முந்தைய வேளைக்கோ மாற்றிக்கொள்ளலாம். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் மீண்டும் படுக்காமல் அரை மணி நேரம் நடக்கலாம். கவலையால் ஊறிய சர்க்கரைக்கு நடையே செலவு வழி. இரவு உணவை முன்னதாக முடித்து, 7 மணி நேர உறக்கத்திற்கு இடமளிக்கலாம். கார்டிசாலைக் குறைப்பதாக விளம்பரம் செய்யப்படும் பொடிகளில் பணத்தை இழக்க வேண்டாம்.

அனைத்திற்கும் மேலாக, கடனோ பிணக்கோ உள்ளவர் வாய் திறந்து பேசும் இடமாக நம் மஹல்லா இருத்தல் வேண்டும். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, எதிலும் நாட்டமின்றிப் போனவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இழுக்கன்று. பருத்த உடலைக் கண்டு நகைப்பதற்கு முன், "உறங்கினீர்களா? என்ன கவலை?" என்று ஒரு வார்த்தை கேட்போமாக! அக்கேள்வியே பலருக்கு முதல் மருந்தாக அமையும்.