பற்று அட்டையும் பளை வாசியும்

பளையிலே தேங்காய் விற்றவரின் கைக்குக் காசு வந்து சேரும் முறை எங்கள் கண்முன்னேயே மாறிவிட்டது. முன்னெல்லாம் வியாபாரி லொறியை வளவு வாசலில் நிறுத்தி, காய்களை எண்ணி ஏற்றியபின், மடியிலிருந்து தாள்களை எடுத்து எண்ணிக் கொடுப்பார். வாங்கியவரும் எண்ணிப் பார்ப்பார். ஐயம் ஏற்பட்டால் இருவரும் திண்ணையில் இருந்து மறுபடியும் எண்ணுவர். இன்று அக்காசிற் பெரும்பகுதி வங்கிக் கணக்குக்குப் போகின்றது. ஓய்வூதியமும் அவ்வாறே. 2023 ஆம் ஆண்டிலே தொடங்கிய அஸ்வெசும உதவித் தொகையும் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கின்றது. மிக வறிய குடும்பத்துக்கு அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த தொகை மாதம் 15,000 ரூபா. அந்தக் கணக்கைத் திறக்கும் திறவுகோல் ஒரு சிறு பிளாஸ்திக் அட்டை. எழுத்திலே அதனைப் பற்று அட்டை என்கிறோம். ஊரிலே 'காட்' என்றாற் போதும்.

இப்பொழுது எண்ணுவது இயந்திரம் ஒன்றே. நாம் எண்ணுவதற்கு முன்னரே கணக்கு முடிந்துவிடுகின்றது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எழும் நியாயம் யாது, அதனைச் சட்டம் எவ்வாறு தீர்க்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஒரு மாலை, என் வங்கியல்லாத வேறொரு வங்கியின் தன்னியக்கப் பண இயந்திரத்திலே 20,000 ரூபா கேட்டேன். உள்ளே தாள்கள் புரளும் ஓசை கேட்டது. பின்னர் ஓசை நின்றது, திரை இருண்டது, அட்டை மட்டும் வெளியே வந்தது. காசும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. ஆனால் கைத்தொலைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது: 20,000 ரூபா எடுக்கப்பட்டது! மறுநாட் காலை அந்த இயந்திரத்துக்குரிய வங்கிக்குப் போனேன். "உங்களுக்கு அட்டை தந்த வங்கியிடம் கேளுங்கள்" என்றனர். அங்கே போனேன். "இயந்திரத்துக்குரியவர்கள் பதில் அனுப்பவேண்டும்" என்றனர். "காசு வரவில்லை என்பதற்கு ஏதேனும் சான்று உண்டா?" என்றும் ஓர் உத்தியோகத்தர் வினவினார். அவர் நல்ல மனிதர், பரிகாசமாகக் கேட்கவில்லை. ஆயினும் நேயர்களே, வராத காசுக்கு எவன் சான்று வைத்திருப்பான்?

சான்று வேறிடத்தில் இருக்கின்றது. ஒரு வங்கியின் அட்டையை இன்னொரு வங்கியின் இயந்திரத்தில் இட்டால், நம் கோரிக்கை அவ்வங்கிக்குச் சென்று, அங்கிருந்து ஒரு பொது இணைப்பு நிலையத்துக்குப் போகின்றது. இலங்கையிலே, மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் பங்கு கொண்ட லங்கா கிளியர் நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் இந்தப் பொது இணைப்பைத் தொடக்கியது. அங்கிருந்து கோரிக்கை அட்டை தந்த வங்கியை அடைகின்றது. அவ்வங்கி இரகசிய இலக்கத்தையும் மீதியையும் சரிபார்த்து, நம் கணக்கிலே தொகையைக் கழித்து, 'கொடு' என்று விடை அனுப்புகின்றது. அந்த விடை வந்த வழியே திரும்பி வந்த பின்னரே இயந்திரம் தாள்களை வெளியே தள்ளும். கழித்தல் முந்தியது, கொடுத்தல் பிந்தியது என்பதைக் கவனியுங்கள். இடையிலே தொடர்பு அறுந்தாலும், தாள் சிக்கினாலும், கழித்ததைத் திரும்பச் சேர்க்கும்படி இன்னொரு செய்தி போகவேண்டும். அதுவும் போகாவிட்டால் கணக்கிலே குழி விழும். இவ்வளவையும் இயந்திரம் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கின்றது. பெட்டியிலுள்ள தாள்களை எண்ணும்போது 20,000 ரூபா மிகையாக இருப்பதும் தெரியவரும். குறிப்பேடும் பெட்டியும் வங்கியின் கையில். நம் கையில் இருப்பதோ வாய்ச்சொல்.

கடன் அட்டைக்கும் பற்று அட்டைக்கும் உள்ள பேதத்தையும் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். கடன் அட்டையில் தகராறு எழுந்தால், நிலுவையில் நிற்பது வங்கியின் பணம். பற்று அட்டையிலோ போனது நம் சொந்தப் பணம். விசாரணை எத்தனை நாள் நீண்டாலும் அத்தனை நாளும் அடுப்பு எரியாமல் இருப்பது நம் வீட்டில். தாமதத்தால் வங்கிக்கு ஒரு நட்டமும் இல்லை.

நம் நாட்டிலே சட்டமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் உண்டு. அது மத்திய வங்கிக்கு மேற்பார்வை அதிகாரத்தை அளித்தது. காசோலையைப் படமாக அனுப்பித் தீர்ப்பதற்கும் வழிவகுத்தது. அதன்கீழ் 2013 இல் வந்த ஒழுங்குவிதிகள், அட்டை வழங்குவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றன. அட்டை மோசடியைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் 2006 இல் வந்தது. 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. முறைப்பாடு செய்ய மத்திய வங்கியில் 1935 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. இவை நல்லவையே. எனினும் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கிடையே பணம் ஒழுங்காக ஓடுவதை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. வங்கிக்கும் வைப்பாளருக்கும் இடையே வழக்கு எழுந்தால் நிரூபிக்கவேண்டியவர் யார், எத்தனை நாளில், என்ற வினா அதன் நோக்கத்துள் அடங்கவில்லை.

பிற நாடுகள் இதனை எண்ணிப் பார்த்திருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிலே, இந்த அட்டைகள் பரவத் தொடங்கிய காலத்திலேயே, 1978 இல், ஒரு சட்டம் இயற்றினர். அட்டை களவு போனதை அறிந்த இரு வேலை நாட்களுள் அறிவித்தவரின் பொறுப்பு 50 டொலருக்கு மேற் செல்லாது. கணக்காளரே பணம் எடுத்தார் என்று வங்கி வாதிட்டால், நிரூபிக்கும் பாரம் வங்கியுடையது. விசாரணை பத்து வேலை நாட்களைத் தாண்டுமாயின், தகராற்றுத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் இட்டுவிட்டே தொடர்ந்து விசாரிக்கலாம். இந்தியாவின் ரிசர்வ் வங்கி 2017 இல் பிறப்பித்த கட்டளை, வங்கியின் குறையாலன்றியும் தம் குறையாலன்றியும் பிறரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுள் அறிவித்தவருக்குப் பொறுப்பே இல்லை என்றது. 2019 இல் வந்த இன்னொரு கட்டளை என் போன்றோருக்கென்றே எழுதியது போல் இருக்கின்றது. இயந்திரம் பணம் தராமற் கணக்கிற் கழித்தால், ஐந்து நாட்களுள் வங்கி தானாகவே திருப்பிச் சேர்க்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபா வைப்பாளருக்குக் கொடுக்கவேண்டும். அந்த 100 ரூபா சிறு தொகைதான். ஆனால் அதனால் தாமதத்துக்கு ஒரு விலை ஏற்பட்டுவிட்டது.

ஆகவே நம் பாராளுமன்றத்திலே பற்று அட்டைகளை ஒழுங்குபடுத்தும் புதிய சட்டமூலம் ஒன்று வருமானால், அதில் முதலாவதாக நான் தேடுவது, சான்று யார் கையில் இருக்கிறதோ அவரே நிரூபிக்கவேண்டும் என்ற வாசகத்தை. நாட்கணக்கும் நட்டஈடும் வங்கிகளின் சுற்றறிக்கையில் அன்று, சட்டத்தின் உடலிலேயே எண்ணாக எழுதப்படல் வேண்டும். 'நியாயமான காலத்துள்' என்று எழுதிவிட்டால், கொழும்பின் நியாயமான காலம் வேறு, பளையின் நியாயமான காலம் வேறாகிவிடும்.

வங்கிகள் ஓர் ஆட்சேபம் எழுப்பும். அதனை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பேரனிடம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்துக் காசு எடுப்பித்துவிட்டு, பின்னர் 'நான் எடுக்கவில்லை' என்பவரும் இருக்கக்கூடும். அட்டையின் உறையிலேயே இலக்கத்தை எழுதி வைத்திருப்போரை நானே கண்டிருக்கிறேன். இடம்பெயர்ந்த காலத்திலே சேமிப்புப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்த அதே கைகள் இவை என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கின்றது. புத்தகத்தைக் காக்கத் தெரிந்தவருக்கு இலக்கத்தைக் காக்க எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கவனயீனம் இருந்தால், அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பை வைப்பாளரே தாங்கட்டும் என்பது இந்தியக் கட்டளையிலும் உண்டு. அது நியாயமே. ஆனால் கவனயீனம் என்பதையும் வங்கியே காட்டவேண்டும்.

கடைக்காரர் விஷயமும் ஒன்று. அட்டையாற் காசு செலுத்தினால் நூற்றுக்கு இரண்டரை, மூன்று என்று மேலதிகமாகக் கேட்கும் கடைகள் உண்டு. கடைக்காரர் வங்கிக்குச் செலுத்தும் கட்டணத்தை வாங்குபவர் தலையிற் கட்டுவது ஒப்பந்தத்துக்கு மாறானது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கின்றது. எனினும் சிறு கடைக்காரரை மாத்திரம் நோவதிற் பயனில்லை. அவருடைய இலாபமே அவ்வளவாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல், பற்று அட்டைக்கு வங்கிகள் தமக்குள் அறவிடும் கட்டணத்தை நூற்றுக்கு 0.2 என்று வரையறுத்தது. நோயின் வேர் இருக்குமிடம் அது.

இன்னுமொன்று: முறைப்பாட்டுக்கு எழுத்திலே, முறையிட்டவரின் மொழியிலே, காரணத்துடன் பதில் தரப்படல் வேண்டும். என் 20,000 ரூபா பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. ஆங்கிலத்தில் ஒரேயொரு வாக்கியம்: தங்கள் கணக்கு சீர்செய்யப்பட்டுள்ளது. இயந்திரம் பிழைத்ததா, தொடர்பு அறுந்ததா, அந்தப் பத்தொன்பது நாளும் என் காசு எவர் கணக்கில் இருந்தது என்பதை அக்கடிதம் சொல்லவில்லை.