லீவரா, பேடிலா?

(ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



1990-களில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடிய நாம் போட்ட சண்டை ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு கியர் லீவரா, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டும் பேடிலா? நான் அன்றைக்கு பேடில் கட்சி.

அதற்குக் காரணம் 1989 பிரேசில் கிராண்ட் பிரீ. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி பேடிலோடு முதன்முதலாக இறங்கிய போட்டி. ஓட்டிய நைஜல் மான்செலுக்கே நம்பிக்கை இல்லை. வண்டி பாதியில் நின்றுவிடும் என்று சீக்கிர விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாராம். கடைசியில் அவர்தான் ஜெயித்தார்! ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டாம், தப்பான கியரும் விழாது. சில வருஷங்களில் ஃபார்முலா ஒன்னில் லீவரே காணாமல் போயிற்று. 1997-இல் ஃபெராரி எஃப்355 மூலம் பேடில் ரோட்டுக்கும் வந்தது.

அப்புறம் இரட்டை கிளட்ச் வந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். 2013-இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரிலிருந்து லீவரையே எடுத்துவிட்டது. நம்ம கட்சி ஜெயிச்சாச்சு என்று நினைத்தேன்.

ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 2016-இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் வந்தது, மொத்தம் 991 கார்கள். 2017 ஜிடி3-இல் கேட்டவர்களுக்கு லீவர் மறுபடி கிடைத்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பேடிலுக்கு 3.4 விநாடி, லீவருக்கு 3.9. அரை விநாடி நஷ்டம் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

அப்போதுதான் என் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் லாரி டிரைவர். சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய கியர் பாக்ஸில் டபுள் கிளட்ச் அடித்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் போடுவார். படிக்கிற திமிரில், "இதையெல்லாம் மெஷினே செஞ்சிடும்ப்பா" என்றேன். "செய்யட்டும்டா. முழங்கால் வலியாவது குறையும். ஆனா அப்புறம் நான் எதுக்கு வண்டியில உக்காந்திருக்கேன்?" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பதில் சொல்ல இன்று அவர் இல்லை.

நண்பர்களே, ரேசில் கடிகாரம்தான் எஜமான். அங்கே பேடிலே சரி. ரோட்டில் ஓட்டுகிற மனுஷன்தான் எஜமான். சிரமத்தைக் குறைக்கத்தான் இந்தக் கல்லூரி நமக்குச் சொல்லித் தந்தது. எது சிரமம், எது சந்தோஷம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குறைப்போம்.

லீவர் கட்சித் தோழர்களே, பாதி வெற்றி உங்களுக்கு. மீதியை இன்று ராத்திரி மொட்டை மாடியில் பேசிக்கொள்ளலாம்.