இரண்டு பர்சென்ட் யார் தலையில்?

(திருவொற்றியூரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"கார்டு தேய்ச்சா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா." ராயபுரத்தில் செல்போன் வாங்கப் போனாலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனாலும், இங்கே நகைக்கடைக்குப் போனாலும் இதைக் கேட்டிருப்பீர்கள். 15,000 ரூபாய் போனுக்கு 300 ரூபாய். மணலியிலோ எண்ணூரிலோ ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு அது ஏறக்குறைய அரை நாள் கூலி.

கடைக்காரர் ஏன் கேட்கிறார்? கார்டு தேய்க்கும்போது வங்கி அவரிடம் ஒரு கட்டணம் பிடிக்கிறது. எம்.டி.ஆர். என்பார்கள். நமக்குக் கார்டு கொடுத்த வங்கி, அவருக்கு மெஷின் கொடுத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நிறுவனங்கள் எல்லாம் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய லாபத்தில் விற்பவர் அதை நம் தலையில் கட்டுகிறார். அவரை எதிரியாக்க நான் வரவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே போகும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்.டி.ஆர். கிடையாது. சட்டப்படி பூஜ்ஜியம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 விழுக்காடு, அதற்கு மேல் 0.90 விழுக்காடு. கிரெடிட் கார்டுக்குத்தான் உச்சவரம்பு இல்லை. சம்பளக் கணக்கின் ரூபே கார்டை நீட்டும் தொழிலாளியிடம் 2 விழுக்காடு வாங்கினால், கடைக்காரருக்கு ஆகாத செலவுக்கு அவர் பணம் கட்டுகிறார் என்று பொருள்.

டெபிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது, வாங்கும் கடையோடு உறவை முறித்துக்கொள்ளுங்கள் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு எழுதிவிட்டது. விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வாய் வேண்டும். இங்கிலீஷில் "ரூல் என்ன?" என்று கேட்பவரிடம் "சரி சார், விடுங்க" என்பார்கள். ஷிஃப்ட் முடிந்து கறை படிந்த சட்டையோடு வருபவரிடம் "இஷ்டம்னா வாங்கு, இல்லன்னா கிளம்பு" என்பார்கள். சட்டத்தில் எல்லோரும் சமம், கவுண்டரில் ஆளைப் பார்த்து விலை. சாதிச் சமூகத்துக்கு இது பழகிய நடைமுறை.

கிரெடிட் கார்டு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அங்கே வங்கி உண்மையாகவே கட்டணம் பிடிக்கிறது. அதைப் பொருளின் விலையிலேயே சேர்த்துவிட்டால், காசிமேட்டில் மீன் விற்றுச் சேர்த்த ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கும் அம்மாவும் அதைச் சேர்த்தே கட்டுகிறார். ரிவார்டு பாயின்ட்டும் விமான நிலைய லவுஞ்சும் கார்டு வைத்திருப்பவருக்குப் போகின்றன. அந்த அம்மாவுக்கு யார் கிரெடிட் கார்டு கொடுத்தார்கள்? முகவரியைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கக் கடன் தொழிலில் 'நெகட்டிவ் ஏரியா' என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். ஊர், சேரி என்று பிரித்த கோட்டுக்குக் கம்ப்யூட்டரில் வைத்த பெயராகவே அது எனக்குக் கேட்கிறது. எனவே கட்டணத்தை ஒழி என்று முழங்கினால் மட்டும் போதாது. இங்கே ஒழித்தால் அது எங்கே போய் விழும் என்றும் நாம் கேட்க வேண்டும்.

கட்டணம் எப்போதும் கீழ்நோக்கியே விழும் என்பதற்கு ஒரு பெரிய சான்று சொல்கிறேன். 2014இல் ஜன் தன் கணக்கு வந்தது. பேலன்ஸ் வைக்க வேண்டாம், ஏழைகளுக்கான கணக்கு என்றார்கள். 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு, ரொக்கத்தை விட்டு டிஜிட்டலுக்கு வாருங்கள் என்றார்கள். வந்தவர்களுக்கு என்ன நடந்தது? மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்தது ஸ்டேட் வங்கி. யுபிஐயில் அனுப்பினாலும், ரூபே கார்டைத் தேய்த்தாலும் அதே பிடித்தம். 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை ஜன் தன் கணக்குகளின் டிஜிட்டல் பரிமாற்றங்களில் மட்டும் இப்படிப் பிடித்தது 254 கோடி ரூபாய்க்கு மேல் என்று மும்பை ஐஐடி பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் 2021இல் கணக்குக் காட்டினார். நேரடி வரிகள் வாரியம் சொன்ன பிறகு திருப்பிக் கொடுத்தது சுமார் 90 கோடி. மீதி 164 கோடி அப்போதும் வங்கியிடமே இருந்தது.

பத்து ரூபாய் டீக்கு ஜிபே செய்தவரிடம் 17 ரூபாய் 70 காசு. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சல்தானே இது?

பணத்தைப் பற்றிய பேச்சு நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1923இல் லண்டனில் வெளியிட்ட நூல் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றியது.

இனி செய்ய வேண்டியது. டெபிட் கார்டுக்கு எக்ஸ்ட்ரா கேட்டால் மறுத்துப் பேசுங்கள். மீறி வாங்கினால் பில், ஸ்லிப் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பில்லில் 15,000, ஸ்லிப்பில் 15,300 என்றால் அதுவே சான்று. மெஷின் எந்த வங்கியுடையது என்று ஸ்லிப்பில் இருக்கும். அந்த வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

உங்களுக்குப் படிக்கத் தெரியும், ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியும். அதை உங்கள் 300 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் ஒரு மேசை போடுங்கள். தெருவில் உள்ள அம்மாக்களின் பாஸ்புக்கை வாங்கி, என்னென்ன பெயரில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்துச் சொல்லுங்கள். புகாரை அவர்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள்.