குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

"படுத்தவுடன் குறட்டை, கொடுத்து வைத்த மனுஷன்" என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் பகலில் கவுண்டரில் உட்கார்ந்தால் கண் சொருகும். வயசு என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடம் முன்பு, பேரனைப் பார்க்க விடியற்காலை 4 மணிக்குப் பெங்களூருக்குக் காரில் கிளம்பினோம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி மாதனூர் நெருங்கும்போது ஒரு கணம் கண் மூடிவிட்டது. மனைவி போட்ட சத்தத்தில் விழித்தால், எதிரே தோல் ஏற்றிய லாரியின் பின்பக்கம். எப்படித் தப்பினோம் என்று இன்றும் தெரியவில்லை.

ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்த தூக்கப் பரிசோதனையில், எனக்கு 'ஸ்லீப் அப்னியா' என்றார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடும். 10 விநாடி, சில சமயம் அதற்கு மேலும் மூச்சு நிற்கும். மூளை திடுக்கிட்டு எழுப்பும். நமக்கு அது நினைவிருக்காது. மணிக்குப் பல தடவை இப்படி நடந்தால், 8 மணி நேரம் படுத்தும் பயனில்லை. ரத்த அழுத்தமும் ஏறும். எடையைக் குறைத்தேன், இரவில் முகமூடி வழியே காற்றுத் தரும் சி-பேப் கருவி வைக்கிறேன். பகல் தூக்கம் போய்விட்டது.

வாரத்தில் 3 நாளாவது தூக்கம் வராமல், அது 3 மாதம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். படுத்ததும் கால் குடைந்து அசைக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையதைப் போல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஓட்டுநருக்கு நம் சட்டம் வைத்த வரம்பே 30தான். தூக்கக் கலக்கத்தைப் பிடிக்கத்தான் ஊதும் கருவி இல்லை.

இரண்டு வேண்டுகோள். பெங்களூர் ஃப்ளைட்டுக்கு நள்ளிரவில் கார் வைத்தால், "பகலில் தூங்கினீங்களா?" என்று டிரைவரைக் கேளுங்கள். ஷூ கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் நம் பிளாக்கில் இருக்கிறார்கள். சுவரில் துளை போடும் வேலையை மாலையில் வையுங்கள்.

குறட்டைக்குப் பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி. நடுவில் மூச்சு நிற்கிறதா என்று இன்றிரவே கவனியுங்கள்.