குளிசைப் பையைக் கொண்டுபோங்கோ
(சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கே இங்கிலாந்தில் முழங்கால் நோவுக்கு வைத்தியர் கோ-கோடமோல் எழுதித் தருவார். அதோடு காய்ச்சல் குணமென்று பனடோலும் போடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கேட்டால், "பனடோல் ஒரு மருந்தே?" என்பார்கள்.

மருந்துதான். இரண்டிலும் குளிசைக்கு 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது. வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் உச்ச அளவு 4 கிராம். இரண்டும் சேர்த்து எட்டுக் குளிசை. மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு. மிஞ்சினால் ஈரல் பழுதாகலாம். முதல் நாள் ஒன்றும் தெரியாமலும் இருக்கும். மிஞ்சிவிட்டால் சுகமாயிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும் பையில் கொண்டுபோய்க் காட்டுங்கோ. மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையைக் கூட்டிப் போகாதேங்கோ. மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கோ. தேசிய சுகாதார சேவையில் அதற்குக் காசில்லை.