அல்சேஷனுக்கு இன்னொரு வீடு

பத்தாங் காலி, உலு யாம், செரண்டா, கோலகுபு பாரு பக்கமிருந்து கேட்பவர்களுக்கு அல்சேஷன் நாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோட்டத்து மானேஜர் பங்களாவிலும், ஸ்டோர் வாசலிலும், செம்பனை லாரிகள் நிற்கும் கொட்டகையிலும் கறுத்த முதுகும் நிமிர்ந்த காதுமாக அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஜெர்மன் ஷெப்பர்டு என்பதும் அதுதான். 1899-இல் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி, ஆட்டு மந்தை காக்கும் நாய்களிலிருந்து இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கினார். நாள் முழுக்க நடந்து, மனிதர் குரலுக்குக் காது கொடுத்து வேலை செய்வதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய் அது.

அப்படிப்பட்டதை ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? முதலில் குரைக்கும். பிறகு வட்டமிட்டு வட்டமிட்டு மண்ணைத் தேய்க்கும். கடைசியில் பக்கத்தில் வருகிற யாரையும் கடிக்கப் பாயும். “இது பொல்லாத நாய்” என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். அது பொல்லாததாகப் பிறக்கவில்லை. வேலையும் துணையும் இல்லாமல் கிடந்து அப்படி ஆனது.

நம் வட்டாரத்தில் இந்த நாய்கள் வீடிழக்கும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததே. பால்மரக் காடு தாமானாகிறது. லயத்துக் குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்கோ வரிசை வீட்டுக்கோ போகின்றன. அங்கே முப்பது, முப்பத்தைந்து கிலோ நாய்க்கு இடமும் இல்லை, பெரும்பாலும் அனுமதியும் இல்லை. இன்னொரு பக்கம், குட்டியின் அழகுக்கு மயங்கி வாங்குகிறவர்கள். ஒரு வயதில் அது வாசற்கதவைத் தாண்டிக் குதிக்கும்போதுதான் திகைக்கிறார்கள். பிறகு ஓர் இரவு ஏதோ ஒரு செம்பனைத் தோட்டச் சாலையில் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. தெருவில் பிறந்த நாய் எப்படியோ இரை தேடிக்கொள்ளும். சொல் கேட்டு வளர்ந்த அல்சேஷன், விட்ட இடத்திலேயே அந்தக் கார் திரும்பி வருமென்று காத்துக் கிடக்கும்.

தெருவில் இத்தனை நாய்கள் தவிக்கும்போது ஓர் இனத்துக்கு மட்டும் ஏன் தனி அக்கறை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெரு நாயை எடுத்து வளர்ப்பவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கே உரிய நோயும் குணமும் உண்டு. அதை அறிந்தவர் கையில் போனால்தான் அந்த நாய் மறுபடியும் கைவிடப்படாமல் இருக்கும். உதாரணத்துக்கு, மக்காவ் நகரில் கெனிட்ரோம் நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது, 500-க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் கூண்டிலேயே மிஞ்சின. வீட்டு மாடிப்படியோ கண்ணாடிக் கதவோ பார்த்துப் பழகாதவை. உள்ளூர் விலங்கு நலத் தொண்டர்கள் வெளிநாடுகளிலிருந்த கிரேஹவுண்டு மீட்புக் குழுக்களோடு கைகோத்து, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என்று அவற்றுக்கு வீடு தேடிக் கொடுத்தார்கள். அந்த இனத்தை அறிந்தவர்கள் பல நாடுகளில் தயாராக இருந்ததால்தான் அது நடந்தது.

அல்சேஷனை மீட்டால் முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் போவது. இடுப்பு மூட்டுத் தேய்வு இந்த இனத்தின் பரம்பரைத் தொல்லை. பின்னங்காலை இழுத்து நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் கொசு இதயப் புழுவைக் கொண்டுவரும், உண்ணி இரத்தத்தைக் கெடுக்கும் காய்ச்சலைக் கொண்டுவரும். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடிந்த பிறகும் உடனே யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. சில வாரம் ஒரு தற்காலிக வீட்டில் வைத்தால்தான் அது பூனையைத் துரத்துமா, சின்னப் பிள்ளைகளிடம் எப்படி இருக்கும், இடிச் சத்தத்துக்கு ஓடி ஒளியுமா என்பதெல்லாம் தெரியவரும். அதன் பிறகே வளர்க்க விரும்புகிறவரின் வீட்டுக்குப் போய் வேலியின் உயரம், பகலில் வீட்டில் இருப்பது யார், அக்கம் பக்கத்தார் எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். நகராண்மைக் கழக உரிமம் எடுப்பாரா என்றும் கேட்க வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் நாயைத் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குவது நல்ல மீட்புக் குழுக்களின் வழக்கம். என்னைக் கேட்டால், முழுப் படிவத்திலும் அந்த ஒரு வரிதான் முக்கியம்.

புது வீட்டில் முதல் மூன்று நாள் அது சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். இதுதான் என் வீடு என்று நம்புவதற்கு மூன்று மாதம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே “ஒத்து வரவில்லை” என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு தேவைப்படுவது கைவிடப்பட்ட நாய்களுக்கு மட்டுமல்ல, வேலை முடித்த நாய்களுக்கும்தான். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாமிடத்தில் மண் சரிந்து 31 உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்க முடியாது. அந்தச் சேற்றில் தேடியவர்களோடு மோப்ப நாய்களும் தேடின. பல இனத்து நாய்கள் இப்படி வேலை செய்து முதுமை அடைகின்றன. நம் நாட்டில் பணி ஓய்வு பெறும் மோப்ப நாய்களைப் பொதுமக்கள் தத்தெடுக்க வாய்ப்பு தரப்பட்டிருக்கிறது. வயதான நாயை யார் வாங்குவார்கள் என்று தயங்காதீர்கள். பழகிய நாய், ஓடும் வேகம் தணிந்த நாய், முதியவர் இருக்கும் வீட்டுக்குக் குட்டியைவிடப் பொருத்தமானது.

உங்கள் நாயை வைத்திருக்க இயலாத நிலை உங்களுக்கும் வரலாம், அது குற்றமல்ல. சாலையில் விடுவதுதான் கொடுமை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனால் நாளைக்கே முடிவெடுக்காமல், இரண்டு மாத அவகாசம் வைத்துக்கொண்டு மருத்துவரிடமும் விலங்கு நலச் சங்கத்திடமும் பேசுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து வையுங்கள். அது என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்தச் சொல்லுக்கு உட்காரும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தமிழில் பழக்கியிருந்தால் அந்தத் தமிழ்ச் சொற்களையே எழுதிக் கொடுங்கள். வாங்கிப் போகிறவர் சீனராக இருந்தாலும் அதைச் சொல்லக் கற்றுக்கொள்வார்.