அடம்பன் கொடியும் பனிநிலப் பூவும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடி மாதத்தில் உடப்பு திரௌபதி அம்மன் ஆலயத் தீமிதிப்புக்குச் சென்றோர் சோழகக் காற்றின் வேகத்தை நன்கறிவர். மணலை வாரி முகத்திலடிக்கும் அக்காற்றிலும் கரையில் ஊதாப் பூவுடன் படர்ந்து கிடப்பது அடம்பன் கொடி. நாம் அதை மிதித்து நடக்கின்றோமேயன்றி, அது வாழும் வகையை எண்ணிப் பார்ப்பதில்லை.

வடதுருவத்தை அடுத்துத் தூந்திரா என்னும் பனிநிலம் உண்டு. அங்கும் காட்டுப்பூக்கள் மலர்கின்றன. கோடையில் மேல்மண் மாத்திரமே இளகும். அடிமண் என்றும் உறைந்தே கிடக்கும். நீர் பனிக்கட்டியாய்ச் சூழ்ந்திருந்தும் வேர் அதைப் பருக இயலாது. நம் கரையிலோ கடலே எதிரில் இருந்தும் உப்பினால் பயனில்லை. காற்றின் கொடுமை இரண்டிடத்தும் உண்டு.

துன்பம் ஒத்திருப்பதால் உபாயமும் ஒத்திருக்கின்றது. பனிநிலச் செடிகள் பல விரலளவே உயர்ந்து, மெத்தைபோல் நெருங்கி வளரும். அதனால் உள்ளே வெளிக்காற்றினும் வெப்பம் மிகும். சில செடிகள் கம்பளி போன்ற மயிரைப் போர்த்திருக்கும். சில பூக்கள் கிண்ணம்போல் விரிந்து சூரியனை நோக்கித் திரும்பி, அதன் வெப்பத்தைச் சேர்க்கும். குளிர்காயவரும் பூச்சியால் மகரந்தம் பரவும்.

நம் அடம்பனும் நிமிராது தவழ்கின்றது. கணுதோறும் வேரூன்றுகின்றது, மணல் மூடினால் மேலே தலைநீட்டுகின்றது. தடித்த இலையில் நீரைச் சேமிக்கின்றது. காலையில் விரியும் பூ வெயிலேறக் குவிகின்றது. விதையோ கடலில் மிதந்து அயற்கரையில் முளைக்கின்றது. அருகே நிற்கும் இராவணன் மீசையின் முள்ளுருண்டை காற்றிலே உருண்டோடி விதை தூவுகின்றது.

இக்கொடிகள் மணலைப் பிடித்துக் குன்றாக்குகின்றன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது இந்நாட்டுக் கரையில் மணற்குன்று குலையாத சில இடங்களில் சேதம் குறைந்ததைக் கண்டோம்.

ஆயினும் நாம் செய்தது யாது? முன்னொரு சிரமதானத்தில், கரையைத் துப்புரவு செய்வதாக எண்ணிக் குப்பையோடு அடம்பனையும் பிடுங்கி எறிந்தோம். அடுத்த சோழகத்தில் மணல் வந்து பாதையை மூடிற்று. தவறு நம்முடையதே.

ஆகவே, வாலிபர்களே, இனிக் குப்பையை மாத்திரம் பொறுக்குவோம். வெறுமையான இடத்தில், ஐப்பசி மழையோடு, கணுவுள்ள கொடித்துண்டுகளை நடுவோம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்றனர் நம் முன்னோர். தனிக்கொடி மணலைத் தாங்காது. தனி மனிதன் கரையைக் காக்க இயலாது. திரண்டு வாரீர்!